நான்கெழுத்துள் நகைப்பு: சீன மரபுத்தொடர்களின் குறிப்புப்பொருள் பற்றியதொரு நோக்கு

சீன மொழியின் மரபுத்தொடர்களைப் பிறமொழியாளர்க்கு அறிமுகஞ் செய்யும் நூல்கள் பெரும்பாலும் ஒரே முறையைக் கைக்கொள்வன. முதலில் ஒரு படம் வரும்: பாம்புக்குக் கால் எழுதுபவன், மரக்கட்டையருகே முயலுக்காகக் குந்தியிருப்பவன், கிணற்றுக்குள்ளிருந்து வானத்தை அளக்கும் தவளை. படத்தின்கீழ் நேர்ப்பொருள், அதன்கீழ் ஒரு வரியிற் குறிப்புப்பொருள். வேண்டாததைச் சேர்த்துக் காரியத்தைக் கெடுத்தல், முயலாது பலனை எதிர்பார்த்தல், குறுகிய அறிவு என்றவாறு பொருள்கள் அடுக்கப்படும். வாசிப்பவர் சீனரது கற்பனை வளத்தை மெச்சி அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஒரு மக்கட் கூட்டத்தின் சிந்தனையை நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கும் முறை இது. இம்முறையிற் கேட்கப்படாது விடப்படும் வினா ஒன்றுண்டு. இத்தொடர்கள் பலவற்றில் ஒருவன் மூடனாக நிற்கின்றான். மற்றொருவன் அவனைப் பார்த்துச் சிரிக்கின்றான். சிரிப்பவன் யார்? சிரிக்கப்படுபவன் எந்த ஊரவன்? குறிப்புப்பொருள் என்று அகராதி தருவது இவ்விருவரில் எவனுடைய தீர்ப்பு?

கிணற்றுத் தவளையை முதலில் நோக்கலாம். தமிழ் வாசகர் இதனைக் கண்டவுடன், “இது எம்மிடமும் உண்டே” என்பார். உண்மைதான், வடமொழியிலும் கூபமண்டூகம் உண்டு. ஆயின் இந்த ஒப்புமையே பொருளை அறிவதற்குத் தடையாகிவிடுகின்றது. சுவாங்சு நூலில் வரும் தவளை அறியாமையின் பொதுச் சின்னமன்று. கொங்சுன் லுங் என்னும் தருக்கவாதி, சுவாங்சுவின் பேச்சு தனக்கு விளங்கவில்லையே என்று வெய் நாட்டு இளவரசன் ஒருவனிடம் முறையிடுகின்றான். அவ்விளவரசன் தருக்கவாதியின் முகத்துக்கு நேரே சொல்லும் கதையே தவளைக் கதை. கீழைக் கடலின் ஆமை கடலின் பரப்பைச் சொல்லத் தவளை திகைத்துப் போகின்றது. சிந்தனைப் பள்ளியொன்று எதிர்ப் பள்ளியின்மீது எய்த அம்பு அது. கொங்சுன் லுங்கின் பெயர் உதிர்ந்தது, இளவரசன் உதிர்ந்தான், ஆமையும் உதிர்ந்தது. எஞ்சியது கிணறும் தவளையுமே. விவாதமொன்று அறிவுரையாகச் சுருங்கிய வரலாறு பல தொடர்களுக்குப் பொதுவானது.

இச்சுருக்கத்துக்கு அவற்றின் வடிவமும் ஒரு காரணம். செங்யூ என்று சீனர் வழங்கும் இத்தொடர்களின் பெயருக்கே ‘ஆகி முடிந்த சொல்’ என்று பொருள் கூறலாம். அவற்றுட் பெரும்பாலானவை நான்கு எழுத்துக்களால் ஆனவை. சீனத்தில் ஓரெழுத்து ஓரசையாதலின் நான்கசை. இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து ஒலிக்கும். சீனத்தின் மிகப் பழைய பாடற்றொகுதியாகிய ‘ஷி சிங்’ நூலின் அடிகளும் பெரும்பாலும் நான்கசை அடிகளே. இலக்கணமோ பண்டைய எழுத்துமொழியின் இலக்கணம். ஆகவே இன்றைய பேச்சினிடையே ஒருவர் செங்யூ ஒன்றைச் சொல்லும்போது, ஈராயிரம் ஆண்டுப் பழைய மொழித்துண்டொன்று அங்கே வந்து நிற்கின்றது. பாமர மக்களின் பழமொழிகளும், முன்பாதியைச் சொல்லிப் பின்பாதியைக் கேட்பவர் ஊகிக்க விடும் விடுகதைத் தொடர்களும் சீனத்தில் வேறாக உள்ளன. அவற்றுக்கு வேறு பெயர்களும் உண்டு.

தமிழ்ப் பழமொழி ஒரு முழுவாக்கியம். கதை தெரியாதவருக்கும் அது ஓரளவு தானே பேசும். செங்யூ அத்தகையதன்று. “காலை மூன்று மாலை நான்கு” என்று ஒருவர் சொன்னால், குரங்குகளின் கதையை அறியாதவருக்கு அது கணக்காகவே தோன்றும். தொடரின் ஒரு பாதி சொல்லிலும் மறுபாதி நூலிலும் இருக்கின்றது. அந்நூலைப் படிப்பதற்கு ஓய்வும் ஆசிரியரும் வேண்டும். உத்தியோகத் தேர்வுக்காகப் பல்லாண்டு பயிலும் வசதி வேண்டும். அத்தேர்வு முறை 1905 ஆம் ஆண்டு ஒழிக்கப்படும்வரை, செங்யூ கற்றோரைக் கல்லாதோரிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் இருந்தது. இதனை மறந்து அவற்றை ‘மக்களின் ஞானம்’ என்று பொதுப்படப் புகழ்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

கதைகளின் தோற்றுவாய்க் காலத்தை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பெரும் எண்ணிக்கையான செங்யூக்கள், கி.மு. 5 ஆம் நூற்றாண்டு தொடக்கம் கி.மு. 221 வரை நிலவிய போரிடும் அரசுகளின் காலத்தைச் சேர்ந்த நூல்களிலிருந்து வந்தவை. அக்காலத்துச் சிந்தனையாளர் அரசவைதோறும் சென்று தம் கொள்கையை விற்றவர்கள். வாதத்திலே தோற்றால் பதவியில்லை, சிலவேளை தலையுமில்லை. கேட்கும் அரசனுக்குப் பொறுமை குறைவு. எதிரியின் கொள்கையை இரண்டு நிமிடத்தில் நகைப்புக்கிடமாக்கும் குட்டிக்கதையே அங்கே கூரிய ஆயுதம். இவ்வாயுதத்தை ஹான் ஃபெய்யைவிடத் திறமையாகக் கையாண்டவர் அரியர். அவரும் கி.மு. 233 இற் சின் நாட்டுச் சிறையில் மாண்டார்.

முயற்கதை அவருடையது. சொங் நாட்டு உழவன் ஒருவன் வயலில் நிற்கையில், ஓடிவந்த முயலொன்று மரக்கட்டையில் மோதிக் கழுத்து முறிந்து இறந்தது. அன்றிலிருந்து அவன் கலப்பையை எறிந்துவிட்டு அடுத்த முயலுக்காகக் கட்டையைக் காத்திருந்தான். முயலும் வரவில்லை, நாட்டாரின் நகைப்புக்கும் ஆளானான். இன்றைய அகராதிகள் இதற்குச் சோம்பல் என்றும் அதிர்ஷ்டத்தை நம்பியிருத்தல் என்றும் பொருள் தருகின்றன. பாடசாலைப் பிள்ளைக்கு அது போதும். ஆனால் ஹான் ஃபெய் சோம்பேறிகளைக் கண்டிப்பதற்காக அதனை எழுதவில்லை. மக்கட்டொகை பெருகிப் பொருள் அருகியதால் சமுதாயம் மாறிவிட்டது. அவ்வாறிருக்கப் பழைய மன்னரின் ஆட்சிமுறையால் இக்காலத்து மக்களை ஆள முயல்வோர் அவ்வுழவனுக்கு ஒப்பானவர் என்பதே அவர் வாதம். கட்டையைக் காப்பவன் கொன்பூசியச் சிந்தனையாளன். பொருளாதார நிலை மாற அரசியலும் மாறவேண்டும் என்ற துணிவான கருத்து இங்கே முயலின் பின்னே ஒளிந்திருக்கின்றது. கொன்பூசியம் பின்னர் அரச தத்துவமாகியபொழுது அக்கருத்து மறைந்ததும் சோம்பேறி மட்டும் நின்றதும் தற்செயலென்று கொள்ளுதல் கடினம்.

ஓடும் படகிலிருந்து வாளைத் தவறவிட்டு, விழுந்த இடத்தைக் காட்டப் படகின் விளிம்பிலே வெட்டுக்குறி இட்டவன் கதையும் அத்தகையதே. கி.மு. 239 அளவில் தொகுக்கப்பட்ட ‘லூஷி சுன்சியூ’ நூலில் அது சட்டங்களைப் பற்றிய வாதத்தில் வருகின்றது: காலம் நகர்ந்துவிட்டது, சட்டம் நகரவில்லை. இன்று அது பிடிவாதக்காரனைக் கேலிசெய்ய உதவும் தொடர்.

இனி மூடனின் ஊரைக் கேட்கலாம். முயலுக்குக் காத்தவன் சொங் நாட்டவன். பயிர் விரைவாக வளரவேண்டுமென்று நாற்றுக்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு, களைத்துப் போய் வீடு திரும்பி அதைப் பெருமையாகச் சொன்னவனும் சொங் நாட்டவனே; இக்கதை மென்சியஸ் நூலில் உள்ளது. வானம் இடிந்து விழுந்துவிடுமோ என்று ஊணும் உறக்கமும் இழந்தவன் சீ என்னும் சிற்றரசைச் சேர்ந்தவன். சந்தையிலே பாதணி வாங்கப் போய், பாத அளவை வீட்டில் மறந்துவிட்டேனென்று திரும்பி ஓடியவன், தன் காலைவிட அளவுகோலை நம்பியவன், ஜெங் நாட்டவன். படகிலே குறியிட்டவன் சூ நாட்டவன்.

இவை வெறும் முகவரிகளல்ல. கி.மு. 11 ஆம் நூற்றாண்டிற் சௌ குலத்தார் ஷாங் அரசை வென்றபின், தோற்றுப்போன ஷாங் வமிசத்தார் தம் முன்னோர்க்குப் பலியிடுதல் அற்றுப்போகாதிருக்கும் பொருட்டு அவர்களுக்கு விடப்பட்ட நாடே சொங். அதற்கும் முந்திய சியா வமிசத்தின் வழியினர்க்கென விடப்பட்டது சீ. கொன்பூசியஸ் ஒருமுறை, சியா, ஷாங் ஆகியோரின் சடங்குகளைத் தான் சொல்ல முடியுமாயினும் அவற்றுக்குச் சான்று கூறப் போதிய ஏடுகளும் அறிஞரும் சீயிலும் சொங்கிலும் இல்லையே என்று வருந்தியதாக அவர் உரைத்தொகுதி கூறுகின்றது. ஏடுகளால் நிலைபெறாத அவ்விரு நாடுகளும் மூடரின் ஊராக நிலைபெற்றுவிட்டன. ஜெங் நாட்டின் கதி இன்னும் வெளிப்படை. கி.மு. 375 இல் அதனை விழுங்கி, அதன் தலைநகரையே தன் தலைநகராக்கிக் கொண்டது ஹான் நாடு. ஹான் ஃபெய் அந்த ஹான் அரசகுடும்பத்தின் பிள்ளை. அவர் ஜெங் நாட்டானின் பாதணியைப் பார்த்துச் சிரித்தபோது, எந்த மண்ணில் நின்று சிரித்தார் என்பதை நினைத்தல் தகும்.

இதனை ஓர் இரும்பு விதியாக்குதல் கூடாது. சூ தோற்ற சிற்றரசன்று, பெருநாடு. எனினும் நடுநிலத்தார் கண்ணுக்கு அது நாகரிகங் குறைந்த தென்புலமாகவே பட்டது. சுவாங்சுவோ சொங் நாட்டவர் என்பது மரபு. அவர் நூலிலும் சொங் நாட்டான் கேலிக்குள்ளாகின்றான். ஷாங் காலத்துச் சடங்குத் தொப்பிகளைச் சுமந்துகொண்டு, தலைமயிரைக் கத்தரித்து மேனியிற் பச்சை குத்திக்கொள்ளும் யூவே நாட்டாரிடம் விற்கப் போனவன் அவன். ஆயினும் தன்னூரானைத் தானே எள்ளுவதற்கும் அயலூரானை எள்ளுவதற்கும் வேறுபாடுண்டு. தொப்பிக் கதையில் ஒரு துயரமும் இருக்கின்றது; இழந்த அரசின் சின்னத்தை எவரும் வேண்டாத சந்தைக்குக் கொண்டு செல்பவன் அவன்.

சொங் நாட்டு மன்னன் சியாங்கின் கதை இத்துயரத்தை வரலாற்றில் வைத்துக் காட்டும். கி.மு. 638 இல் ஹுங் ஆற்றங்கரையில் அவன் படை சூ படையை எதிர்கொண்டது. பகைவர் ஆற்றைக் கடக்கும்போதே தாக்குவோமென்று அமைச்சன் கூறினான்; மன்னன் மறுத்தான். கரையேறி அணிவகுக்குமுன் தாக்குவோமென்றபோதும் மறுத்தான். பகைவர் அணிவகுத்த பின்னரே போர் தொடங்கியது. சொங் படை சிதறியது. தொடையிற் காயமுற்ற மன்னன் மறுவருடம் இறந்தான். ‘சொங் சியாங்கின் அருள்’ என்பது இன்று செங்யூ. பகைவனிடம் காட்டும் மடமையான இரக்கம் என்பது அதன் பொருள். மாஓ சேதுங் 1938 இல் நிகழ்த்திய ‘நீடித்த யுத்தம் பற்றி’ என்னும் உரைகளில் இம்மன்னனின் அறத்தைக் கடுமொழியால் ஒதுக்கினார். யப்பானியப் படையெடுப்பின் நடுவே நின்றவருக்கு அத்தீர்ப்பு தேவையாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பண்டை நூல்களின் தீர்ப்பு ஒருமுகப்பட்டதன்று. ‘சோ’ உரை அமைச்சன் பக்கம் நின்று மன்னனைக் குறைகூற, ‘கொங்யாங்’ உரை வென் மன்னனின் போரும் இதனை விஞ்சாது என்னும் அளவுக்கு அவனைப் போற்றுகின்றது. இரண்டு தீர்ப்புக்களில் ஒன்றையே நான்கெழுத்து சுமந்து வந்தது.

வானத்துக்கு அஞ்சிய சீ நாட்டானுக்கு நேர்ந்த அநீதி இதனினும் பெரிது. வீண்கவலை கொள்வோரைக் கேலிசெய்ய அவன் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆனால் லியெசு நூலிற் கதை அவனோடு முடியவில்லை. (இந்நூலின் இன்றைய வடிவம் கி.பி. 4 ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டதென்பர் ஆய்வாளர் பலர்.) கவலைப்பட்டவனுக்கு இரங்கி ஒருவன் வந்து, வானம் திரண்ட காற்றே, அது விழாது என்று தேற்ற, இருவரும் மகிழ்கின்றனர். அதைக் கேட்ட அறிஞன் ஒருவன் சிரித்து, வானும் மண்ணும் சேர்க்கைப் பொருள்களே, சேர்ந்தவை என்றோ ஒருநாள் சிதையும். அழியுமென்று இன்றே அஞ்சுவது மிகை, அழியாதென்பதும் தவறு என்கின்றான். இறுதியில் லியெசுவும் சிரித்து, அழியுமா அழியாதா என்பது மனிதரால் அறியமுடியாதது என்று முடிக்கின்றார். நான்கு குரல்கள், படிப்படியாக ஆழ்ந்து செல்லும் ஒரு தத்துவ உரையாடல். மரபுத்தொடர் முதற்குரலோடு கதவைச் சாத்திவிடுகின்றது. அதனால் அக்குரல் மூடக் குரலாகின்றது. உண்மையில் முழு உரையாடலையும் தொடக்கி வைத்த வினா அவனுடையது.

குரங்குகளின் கதையிற் பொருள் புரண்ட விதம் இன்னும் விசித்திரமானது. காலையில் மூன்று, மாலையில் நான்கு காய் தருவேன் என்று வளர்ப்பவன் கூறக் குரங்குகள் சினந்தன. காலையில் நான்கு, மாலையில் மூன்று என்றதும் மகிழ்ந்தன. சுவாங்சுவுக்கு இது பொருள்கள் ஒன்றாயிருக்கப் பெயருக்காகச் சண்டையிடும் தத்துவவாதிகளைப் பற்றிய நகைச்சுவை; வளர்ப்பவன் இருதரப்பும் அமைதிபெற வழிசெய்யும் ஞானி. லியெசு நூலில் இதே கதை, அறிவாளி மூடர் கூட்டத்தைத் தன் சாதுரியத்தால் அடக்கியாளும் கதையாகின்றது. பிற்காலத்தில் அத்தொடருக்கு ஏமாற்று என்ற பொருள் வந்தது. இன்றோ அது நிலையற்ற மனத்தானை, அடிக்கடி காதலையும் தொழிலையும் மாற்றுபவனைக் குறிக்கின்றது. காலையொன்று மாலையொன்று என்ற மேலோட்டமான ஒலியே பொருளாகிவிட்டது. கதையை மறந்த தலைமுறைகள் எழுத்தை மட்டும் வைத்து அதற்குப் புதுப்பொருள் கண்டன என்று கொள்ளலாம். இதிலே பிழையென்று சொல்ல எதுவுமில்லை. மொழி இவ்வாறே வாழும். ஆனால் கூலியை உயர்த்தாது கூலி தரும் நேரத்தை மட்டும் மாற்றிய அந்த முதலாளி, இப்புதுப்பொருளில் முற்றாகத் தப்பிவிட்டான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மரபுமீது நேரடித் தாக்குதல் நிகழ்ந்தது. 1917 சனவரியில் ‘புதிய இளைஞர்’ இதழில் வெளிவந்த ஹூ ஷியின் இலக்கியச் சீர்திருத்தக் கட்டுரை எட்டு விதிகளை முன்வைத்தது. தேய்ந்த தொடர்களை நீக்குக என்பது ஒன்று. பழங்கதைக் குறிப்புக்களைக் கையாளற்க என்பது மற்றொன்று. அக்கட்டுரையே பழைய எழுத்துமொழியில் எழுதப்பட்டது என்பதைப் பலர் சுட்டியுள்ளனர். அதனினும் கவனிக்கத்தக்கது ஹூ ஷி விட்டுக்கொடுத்த இடம். எந்த ஈட்டியும் துளைக்காத கேடயமும் எந்தக் கேடயத்தையும் துளைக்கும் ஈட்டியும் ஒருங்கே விற்றவனின் கதை போன்றவை, படியாதவரும் அறிந்து வழங்குவனவாதலின் விலக்கத்தக்கன அல்ல என்றார். ஹூ ஷி பிரச்சினையை நடைபற்றிய பிரச்சினையாகவே கண்டார்: தெளிவானது நிற்கட்டும், தெளியாதது போகட்டும். தொடருக்குள் இருக்கும் தீர்ப்பை அவர் வினவவில்லை. இது அவர் கட்டுரையின் குறை எனலாம்.

அவ்வினாவை எழுப்பியவர் லூ சுன். அவர் விதி எதனையும் வகுக்கவில்லை. புதிய மூடன் ஒருவனைப் படைத்தார். 1921–22 இல் தொடராக வெளிவந்த ‘ஆ கியூவின் உண்மை வரலாறு’ கூறும் நாட்கூலி, அடிவாங்கும்போதெல்லாம் மனத்துக்குள் வெற்றிபெற்றதாக நினைத்துக் கொள்பவன். முயலுக்குக் காத்தவனின் நேர் வாரிசு. ஆ கியூவின் மனவெற்றி என்பது இன்று சீனத்தில் ஒரு மரபுத்தொடராகவே வழங்குகின்றது. பழைய கதைகளிலிருந்து அவன் வேறுபடும் இடம் முடிவில் உள்ளது. அவன் கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும்போது வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தின் கண்களைக் காண்கின்றான். அவை ஓநாயின் கண்களாக அவனுக்குத் தோன்றுகின்றன. அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்து வந்த வாசகர் அக்கூட்டத்துள் தாமும் நிற்பதை அப்பொழுதே உணர்வர். செங்யூ எக்காலத்தும் சிரிப்பவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆ கியூ பார்த்தான்.

பழந்தொடர்களை அரசியலில் மிகுந்த ஆற்றலோடு பயன்படுத்தியவர் மாஓ. முரண்பாடு என்ற தத்துவக் கலைச்சொல்லுக்குச் சீனத்தில் வழங்கும் சொல்லே ‘ஈட்டி-கேடயம்’ என்பதுதான். 1937 இல் எழுந்த ‘முரண்பாடு பற்றி’ என்னும் நூலின் தலைப்பிலேயே ஹான் ஃபெய்யின் வணிகன் நிற்கின்றான். அவ்வணிகனும் முதலிற் கொன்பூசியரைத் தாக்கவே படைக்கப்பட்டவன். 1927 இல் ஹுனான் விவசாயி இயக்கம் பற்றிய அறிக்கையில், டிராகனை நேசிப்பதாகச் சொல்லி வீடெங்கும் அதன் உருவைச் செதுக்கி, மெய்யான டிராகன் வந்ததும் அஞ்சி ஓடிய யே பிரபு வருகின்றார். மக்களை எழுப்புவோமென்று நாடோறும் பேசி, மக்கள் எழுந்தவுடன் நடுங்குவோருக்கு அவர் உவமை. நகைப்பு இங்கே திசைமாறுகின்றது. சிரிக்கப்படுபவர் உழவரல்லர், பிரபு.

இத்திசைமாற்றத்தின் உச்சம் 1945 யூன் மாதம் கட்சியின் ஏழாவது மாநாட்டு முடிவில் அவர் எடுத்தாண்ட மூடக் கிழவன் கதை. வீட்டு வாயிலை மறைக்கும் தைஹாங், வாங்வூ என்னும் இரண்டு மலைகளை வெட்டியகற்றத் தொடங்குகின்றான் தொண்ணூறு வயதுக் கிழவன். அவனைப் பார்த்துச் சிரிப்பவன் ‘அறிவுக் கிழவன்’. நான் இறந்தால் என் பிள்ளை, பிள்ளையின் பிள்ளை. மலையோ வளராது என்பது மூடனின் விடை. லியெசு நூலில் வரும் இக்கதை, மூடன் பக்கம் நின்று அறிவாளியை வாயடைக்கச் செய்யும் அரிய கதைகளுள் ஒன்று. ஆயின் அங்கே மலைகளை அகற்றுவோர் விண்ணரசன் அனுப்பிய தேவர்கள். மாஓ அம்மலைகளை ஏகாதிபத்தியமும் நிலப்பிரபுத்துவமும் என்றார். விண்ணரசன் சீன மக்களே என்றார். ஒரு பழங்கதையின் முடிவை இத்தனை சிறிய மாற்றத்தால் இத்தனை முழுமையாகத் திருப்பிய வேறோர் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1940 இல் இந்தியாவிலே தங்கியிருந்த ஓவியர் சு பெய்ஹொங் இதே கதையைப் பேரோவியமாகத் தீட்டினார். மண்வெட்டி ஓங்கி நிற்கும் அவ்வுருவங்களுட் சில இந்தியரை மாதிரியாகக் கொண்டவை.

ஆயின் அதே கையில் அதே கருவி வேறுவிதமாகவும் இயங்கியது. 1956 இல் நூறு பூக்கள் மலர்க, நூறு சிந்தனைகள் போட்டியிடுக என்ற இரட்டைத் தொடர் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. பின்பாதி, போரிடும் அரசுகளின் காலத்து நூறு சிந்தனைப் பள்ளிகளை நினைவூட்டுவது; தவளையும் முயலும் பிறந்த அதே விவாதக் களத்தை. 1957 வசந்தத்தில் அறிவாளிகள் அழைப்பை நம்பிப் பேசினர். யூன் மாதத்தில் வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வலதுசாரிகளெனக் குறியிடப்பட்டனர். பாம்பைப் புற்றிலிருந்து வெளியே இழுத்தல் என்ற வேறொரு நான்கெழுத்துத் தொடர் அந்நிகழ்ச்சியின் பெயராகவே நிலைத்தது. இது தொடக்கத்திலேயே திட்டமிட்ட பொறியா, எதிர்பாராத கண்டனத்தால் நேர்ந்த பின்வாங்கலா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்தவரல்லர். அவ்வாண்டு யூலை முதலாந் திகதி வெளியான ‘மக்கள் நாளிதழ்’ ஆசிரியவுரையில், இதைச் சிலர் இருட்சூழ்ச்சி என்கின்றனர், இல்லை, இது வெளிச்சச் சூழ்ச்சி என்ற கருத்துப்பட மாஓ எழுதினார். பழைய சொல்லின் முதலெழுத்தாகிய ‘யின்’ என்பதை ‘யாங்’ என மாற்றிய சொல்விளையாட்டு அது. அப்புதுச்சொல் இன்றும் வழங்குகின்றது. மொழித்திறன் என்ற அளவில் அது மூடக் கிழவன் கதையின் திருப்பத்துக்குக் குறைந்ததன்று. அதனாலேயே இத்தொடர்களை நிறமும் அழகும் பற்றி மட்டும் மதிப்பிடும் திறனாய்வு போதாததாகின்றது.

எல்லாச் செங்யூக்களும் மேலிருந்து கீழ்நோக்கிச் சிரிப்பன அல்ல. ‘மானைக் காட்டிக் குதிரை என்றல்’ என்பது சீனரிடையே மிக வழங்கும் தொடர்களுள் ஒன்று. வேண்டுமென்றே உண்மையைப் புரட்டுதல் என்று அகராதி பொருள் தரும். வரலாற்றாசிரியர் சீமா சியென் கூறும் நிகழ்ச்சி கி.மு. 207 இல் நடந்தது. அரசைக் கவரத் துணிந்த முதலமைச்சர் சாஓ காஓ, அவையோர் தன்னை எதிர்ப்பரோ என்று சோதிக்க எண்ணி, சின் வமிசத்தின் இரண்டாம் பேரரசன்முன் ஒரு மானை நிறுத்தி, இது குதிரை என்றார். பேரரசன் சிரித்தான், முதலமைச்சர் தவறிவிட்டாரே, மானைக் குதிரை என்கின்றாரே என்று அவையோரைக் கேட்டான். சிலர் வாய்திறவாதிருந்தனர். சிலர் சாஓ காஓவுக்கு உவப்பாகக் குதிரை என்றனர். சிலர் மான் என்றனர். பொருள் அகராதியில் உள்ளது புரட்டியவனின் செயல் மட்டுமே. சோதனை என்ற பகுதி, அதாவது எவர் எதைச் சொன்னார் என்று குறித்துவைத்த பகுதி, அங்கில்லை. பின்னர் மான் என்றோர் ஒவ்வொருவரும் சட்டத்தின் பெயரால் மறைவாகத் தண்டிக்கப்பட்டனர். சிரித்த பேரரசனும் நெடுநாள் வாழவில்லை. அதே முதலமைச்சரின் ஏற்பாட்டால் தற்கொலைக்குத் தள்ளப்பட்டான். சாஓ காஓவின் பெயர் நான்கெழுத்தோடு சேர்ந்து இற்றைவரை வழங்குகின்றது. மான் என்றோர் எத்தனை பேர் என்பதையோ, அவர்கள் பெயர்களையோ சீமா சியென் எழுதவில்லை.